உள்ளே கேட்டுவிட்டு வருகிறேன்

சுவரில் அடித்த சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. ஜன்னலுக்குக் கதவு வைக்காததால் கடல் சத்தம் நேராக உள்ளே வந்தது. அறையில் ஒரு கட்டில் இருந்தது. தச்சர் மறந்துவிட்டுப் போன ஆணி டப்பா ஒன்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. யாரும் இல்லை.

அந்த அறைக்குள் நான் ஒருவரைக் கேட்டுவிட்டு வருவதற்காகப் போயிருந்தேன்.

மாபலிபுரத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த லாட்ஜ் அது. வெளியே கூடத்தில் லாட்ஜ் முதலாளி நடேசன் காத்துக்கொண்டு நின்றார். அவர் கேட்டது ஒரே கேள்வி. இருபத்து நாலு மெத்தை, நாற்பத்தெட்டு தலையணை, தை பிறப்பதற்குள் முடியுமா, முடியாதா?

நான் வழக்கம்போல, "உள்ள கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் தெரிந்த வாசலுக்குள் நுழைந்துவிட்டேன். நுழைந்து நின்ற பிறகுதான் இது என் வீடு இல்லை என்று உறைத்தது.

என் வீடாக இருந்தாலும் உள்ளே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வாசலில் ஒரு ஜோடி செருப்பு

அப்போது நாங்கள் திருக்கழுக்குன்றத்தில் இருந்தோம். மலைக்குப் போகிற தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓட்டு வீடு, வாடகைக்கு. என் கணவர் பினாங்கில் சொந்தக்காரர் ஒருவருடைய ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். மூன்று வருஷம் அங்கே வேலை. பிறகு இரண்டு மாசம் ஊரில். மறுபடி கையெழுத்துப் போட்டு மூன்று வருஷம்.

இத்தனை வாரமாக எழுதுகிறீர்களே, அவர் பேரை ஒரு இடத்திலும் சொல்லவில்லையே என்று பத்திரிகை ஆபீஸில் கேட்டார்கள். எழுதக் கை வரவில்லை. அவர் மவுத்தாகி அடக்கம் செய்து வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் வரவில்லை. எங்க வீட்டுக்காரர் என்றே இருக்கட்டும்.

மெத்தை தைக்க வந்த கதையைப் போன வாரம் எழுதினேன். கொல்லையில் நின்ற இலவ மரம், அது வெடித்துப் பஞ்சு பறந்தது, அக்கம்பக்கத்துச் சண்டை, எல்லாம். சண்டையை நிறுத்துவதற்காகப் பஞ்சைப் பொறுக்கித் தலையணை தைத்தேன். சண்டை போட்டவர்களே வாங்கிக்கொண்டார்கள். அப்படித்தான் ஆரம்பம்.

வாசல் நடையில் ஒரு மூங்கில் தட்டி கட்டியிருந்தேன். ஆள் வந்தால் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவேன். முதன்முதலில் மெத்தை கேட்டு வந்தவர், "பாய் இல்லியா?" என்றார். பினாங்கில் இருக்காங்க என்று உண்மையைச் சொன்னேன். அவர் விலையைப் பாதியாக்கிக் கேட்டார். பஞ்சில் பழசு கலந்திருக்குமோ என்றும் கேட்டார். பிறகு, பொம்பளையோடு என்ன பேசுவது என்று சொல்லி எழுந்து போனார்.

இரண்டாவதாக வந்தவரும் அதையே கேட்டார். "உள்ள இருக்காங்க. தலைவலி. கேட்டுட்டு வரேன்" என்றேன்.

உள்ளே போய்க் குழம்பை இரண்டு தரம் கிளறினேன். வெளியே வந்து, "கொறையாதாம்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் பரணில் இருந்த வீட்டுக்காரரின் பழைய தோல் செருப்பை எடுத்துத் துடைத்தேன். மறுநாள் காலையில் வாசலில் வைத்தேன். காலையில் வைப்பதும் பொழுது சாய்ந்தால் உள்ளே எடுப்பதும் அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. மழை தூறினால் ஓடிப்போய் எடுத்து வைப்பேன். வீட்டில் ஆள் இருந்தால் செருப்பை நனைய விடுவார்களா?

கடைசிப் பெண் மைமூன் அவர் கப்பல் ஏறிய பிறகு பிறந்தவள். அவரைப் பார்த்ததில்லை. "உங்க அத்தா எங்கடி?" என்று தெருவில் யாராவது கேட்டால் வாசலுக்கு ஓடிப்போய்ச் செருப்பைக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு பேரின் குணம்

உள்ளே இருந்தவருக்கு நாளாக நாளாக ஒரு குணம் வந்துவிட்டது. நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை. தானாக வந்தது. அவர் கோபக்காரர். விலையில் ஒரு சல்லி இறங்க மாட்டார். கடன் சொன்னால் பிடிக்காது. நாலு நாளில் வேண்டும் என்று அவசரப்படுத்தினால், "அவசரம்னா ஓலைப் பாயில படுக்கச் சொல்லு" என்பார். அதை நான் வெளியே வந்து மரியாதையாகச் சொல்வேன்.

பினாங்கில் இருந்தவர் வேறு மாதிரி. ஒரு தரம் ஊருக்கு வந்திருந்தபோது கத்தரிக்காய் வாங்கிவரச் சொல்லிச் சந்தைக்கு அனுப்பினேன். ஒரு கூடை கொண்டுவந்தார். பாதி சொத்தை. பார்த்து வாங்கக் கூடாதா என்றேன். பார்த்துத்தான் வாங்கினாராம். நல்லதை எல்லோரும் எடுத்துவிட்டால் சொத்தையை அந்த அம்மா யாரிடம் விற்பாள் என்றார்.

இடையில் அவர் ஒரு தரம் வந்திருந்தபோது தட்டிப் பக்கமே வரவிடாமல் பார்த்துக்கொண்டேன். அந்த இரண்டு மாசமும் ஆர்டர் எடுக்கவில்லை.

பாலாற்றங்கரைப் பக்கம் கோவிந்தசாமி என்று ஒரு விவசாயி. மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். மூன்று கல்யாணத்துக்கும் என்னிடம்தான் மெத்தை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, உள்ளே கேட்கும்படி உரக்கப் பேசுவார். "பாய் வெலைல கறாருதான். ஆனா மெத்தைல ஒரு கொட்டை கெடயாது. அந்தக் கை யாருக்கும் வராது" என்பார். நான் அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்பேன்.

தெருவுக்கு எல்லாம் தெரியும். யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. எதிர் வீட்டில் இட்லி சுட்டு விற்ற அம்மாள், என் தம்பிதான் வியாபாரம் பண்றான் என்பாள். அந்தத் தம்பி மலைக்குக் கழுகு வருகிற உச்சி வேளையில்தான் படுக்கையை விட்டு எழுந்திருப்பான். மூன்றாம் வீட்டில் எருமை வைத்துப் பால் ஊற்றியவள், கொழுந்தனாரைக் கேட்கணும் என்பாள். கொழுந்தனார் ஆரணியில். எங்கள் தெருவில் வேலை செய்த பெண்கள் எல்லோருக்கும் கேட்பதற்கு ஒரு ஆண்பிள்ளை இருந்தார். பெரும்பாலும் ஊரில் இல்லை.

வேண்டாம் என்றார்

வாரத்துக்கு இரண்டு மெத்தை, நாலு தலையணை. அதற்கு மேல் நான் எடுப்பதில்லை.

காரணம் பிள்ளைகள். இலவம்பஞ்சைக் கூண்டுக்குள் போட்டுக் குச்சியால் அடித்தால்தான் கொட்டை பிரியும். எவ்வளவு மூடினாலும் தூசு பறக்கும். தலையில், சோற்றில், குழந்தையின் மூக்கில். பள்ளிக்கூடம் விட்டுப் பெரியவள் ஜைனபு வருவதற்குள் பஞ்சு அடங்கி, வீடு பெருக்கி, உலை வைத்தாக வேண்டும். அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அந்த அளவை யார் வைத்தது என்று நான் யோசித்ததில்லை. வைத்தாகிவிட்டது. அவ்வளவுதான்.

செங்கல்பட்டிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். மாசம் பத்து மெத்தை கொடுத்தால் கடையில் வைத்து விற்பதாகச் சொன்னார். உள்ளே கேட்டேன். வேண்டாம் என்றார். கல்யாண சாமான் வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் முப்பது தலையணை கேட்டார். உள்ளே கேட்டேன். அதற்கும் வேண்டாம் என்றார்.

இப்போது நினைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அந்த வருஷங்களில் என்னிடம் வேண்டாம் என்று சொன்ன ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். பினாங்கில் இருந்தவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு கடிதத்திலும், உனக்குச் சரியென்று பட்டால் செய் என்றுதான் எழுதுவார்.

தொடர் படிக்கும் ஒரு வாசகி எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். குழந்தைகளை வைத்துக்கொண்டு தொழில் செய்கிற பெண்களுக்கு நீங்கள் என்ன அறிவுரை சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். நான் அஞ்சாவது வரை படித்தவள். அறிவுரை இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் பேத்தி நாவலூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். இரண்டு குழந்தைகள். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். போன மாசம் அவளோடு நாலு நாள் இருந்தேன். போனில் யாரோ பெரிய ஆர்டர் கேட்டார்கள். "எங்க டீம்ல கேட்டுட்டு கூப்புடறேன்" என்றாள். டீம் என்றால் எத்தனை பேர் என்று கேட்டேன். "நான்தான் நன்னி" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழந்தைக்குப் பால் காய்ச்சினாள். திரும்ப வந்து போன் செய்து, டீம் முடியாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

கேக் நன்றாக இருந்தது.

ஒரே வாரத்தில் இரண்டு கேள்வி

நடேசன், கோவிந்தசாமி வீட்டில் ஒரு ராத்திரி தங்கி என் மெத்தையில் படுத்தவர். எழுந்ததும் யார் தைத்தது என்று கேட்டுக்கொண்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். கல் சிற்பம் பார்க்க வெளியூரிலிருந்து நிறையப் பேர் வர ஆரம்பித்திருந்த காலம். வருகிறவர்கள் தங்க இடமில்லை. அதற்குத்தான் லாட்ஜ்.

அவருக்குப் பாயைப் பார்க்க வேண்டும். முதல் தரம் வந்தபோது ஜுரம் என்றேன். இரண்டாம் தரம் வந்தபோது காஞ்சிபுரம் போயிருக்காங்க என்றேன்.

நடேசன் வாசலில் இருந்த செருப்பைப் பார்த்தார்.

"காஞ்சிபுரத்துக்கு வெறுங்காலோடவா போயிருக்காரு?"

அது மாற்றுச் செருப்பு என்றேன். அவர் செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். கட்டில்களை மூன்று தச்சர்கள் செய்திருக்கிறார்கள். ஒன்றைப் போல ஒன்று இல்லை. பாய் நேரில் வந்து அளக்க வேண்டும். வியாழக்கிழமைக்குள் வராவிட்டால் மெட்ராஸில் சொல்லிவிடுவார்.

அதே வாரம் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. முதலாளி மறுபடி மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஊரில் நாம் பிழைக்க வழி இருக்குமானால் வந்துவிடுகிறேன், இல்லையென்றால் போட்டுவிடுகிறேன், நீயே சொல்லு என்று எழுதியிருந்தார்.

இரண்டு மெத்தையில் ஐந்து பேர் பிழைக்க முடியாது. லாட்ஜ் வேலை கிடைத்தால் முடியலாம். ஒரு லாட்ஜ் வந்தால் இன்னொன்று வரும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். குழம்பைக் கிளறினேன்.

முனியம்மா பின்னாலேயே வந்து நின்றாள்.

முனியம்மா எனக்குப் பஞ்சு அடித்துக் கொடுத்தவள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து தினம் முதல் பஸ்ஸில் வருவாள். புருஷன் கடலுக்குப் போகிறவர். ஐந்து பிள்ளைகள். வாயில் எப்போதும் வெற்றிலை. எத்தனையோ மெத்தைக்குப் பஞ்சு அடித்தவள், ஒன்றிலும் உட்கார்ந்து பார்த்ததில்லை. "நம்ம ஒடம்புக்கு அது ஆவாது" என்பாள்.

"இன்னா பாயம்மா, சும்மா சும்மா உள்ள வந்து யாரைக் கேட்டுகினு கீற?" என்றாள். "இங்க அடுப்புதான கீது."

நான் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினேன்.

"இங்க கீறவரு வேணான்னுதான் சொல்வாரு. அது எனக்கே தெரியும். நீ இன்னா சொல்ற?"

"நான் எப்டி சொல்றது? அவங்க..."

"எந்த அவங்க? பெனாங்குல கீறவரா, அடுப்பாண்ட கீறவரா?" வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். "பெனாங்குக்காரரு உன்னக் கேக்கறாரு. நீ அடுப்பக் கேக்கற. அடுப்பு யாரப் போயி கேக்கும்?"

குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது. இறக்கி வைத்தேன்.

முடிச்சுப் போட்ட நூல்

வியாழக்கிழமை பஸ் ஏறினோம். நான், முனியம்மா, மடியில் மைமூன். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அதற்கு முன் வியாபாரத்துக்காக நான் பஸ் ஏறியதில்லை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். "அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல. அளந்துகினு வரச் சொன்னாங்க."

நடேசன் நம்பினாரா தெரியவில்லை. கட்டில்களைக் காட்டினார்.

எனக்கு டேப்பு வைத்து அளக்க வராது. நூல் கொண்டு போயிருந்தேன். ஒரு கட்டிலுக்கு ஒரு நூல். நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு. எத்தனையாவது அறை என்று தெரிய நூலின் நுனியில் அத்தனை சின்ன முடிச்சு. இருபத்து நாலில் பதினெட்டு கட்டில் அளந்து முடித்தபோது முனியம்மாவின் கழுத்தில் நூல் மாலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உப்புக் காற்றில் பறந்து அவள் வெற்றிலை வாயில் ஒட்டியது. மைமூன் வாசல் மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தோண்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நடேசன் வந்து முடியுமா முடியாதா என்று கேட்டார். நான் வழக்கப்படி சொல்லிவிட்டு அந்த அறைக்குள் போனேன்.

குழம்பு இல்லாத அறை

கிளறுவதற்கு ஒன்றும் இல்லை. உடனே வெளியே வந்தால் நன்றாக இருக்காது என்று நின்றேன். கை சும்மா இருக்கவில்லை. அங்கே இருந்த கட்டிலை அளந்தது. அது மற்றவற்றைவிட அரை முழம் குட்டை.

இதற்குப் பஞ்சு குறைவாகப் போதும் என்று நினைத்தேன். அங்கிருந்து மற்ற கட்டில்களுக்கு எவ்வளவு பஞ்சு என்று யோசனை போனது. சித்திரையில் வாங்கிக் கட்டி வைத்தது பாதிக்கு வரும். மீதிக்குச் செங்கல்பட்டில் கேட்கலாம். முனியம்மாவின் நாத்தனார்கள் இரண்டு பேர் வீட்டில் சும்மா இருந்தார்கள். மூன்று பேர் அடித்தால் ஐப்பசிக்குள் அடித்துவிடலாம். வீட்டில் அடித்தால் பிள்ளைகளுக்கு இருமல். எங்கள் தெருக் கோடியில் ஒரு அரிசி மில் பூட்டிக் கிடந்தது. அங்கே அடிக்கலாம். தையலுக்கு இட்லிக்கார அம்மாளின் மருமகள் வருவாள்.

வீட்டில் உள்ளே போகும்போது இதில் ஒன்றைக்கூட நான் யோசித்ததில்லை என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. குழம்பைக் கிளறுவேன். வேண்டாம் என்பதை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன்.

வெளியே வந்தேன்.

"முடியும்" என்றேன்.

நடேசன் என்னைத் தாண்டிப் போய் அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியாகவும் பார்த்தார்.

"உள்ள யாரும் இல்லியே."

"இல்ல."

"அப்போ யாரக் கேட்டுகினு வந்தீங்க?"

"அது அவங்க வழக்கம் மொதலாளி" என்றாள் முனியம்மா. "முடியும்னு சொல்லிட்டாங்க இல்ல. வுடு."

எனக்குக் காது சுட்டது. ஆனால் இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. இந்த அறையில் கட்டில் குட்டை, ஆள் படுத்தால் கால் வெளியே நிற்கும், அதை மெத்தையால் சரி செய்ய முடியாது, தச்சரைக் கூப்பிடுங்கள் என்றேன். நடேசன் நம்பவில்லை. துண்டை உதறிக் கட்டிலில் போட்டுப் படுத்துப் பார்த்தார். இரண்டு காலும் வெளியே நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார்.

"இத பாய் கண்டுபுடிச்சாரா?" என்று படுத்தபடியே கேட்டார்.

"பாய்க்கு அளக்கத் தெரியாது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. "அவங்க பெனாங்குல இருக்காங்க. மெத்த தைக்கறது நான்தான்."

முனியம்மா வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். இவர் இப்போது எழுந்து மெட்ராஸுக்குச் சொல்லிவிடுவார், வீட்டுக்காரர் பினாங்கில் கையெழுத்துப் போட்டுவிடுவார், மைமூன் ஆறு வயசுவரை செருப்பையே காட்டிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

நடேசன் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்போ காஞ்சிபுரம்?"

"போவல."

"ஜொரம்?"

"இல்ல."

"செருப்பு?"

"அது அவங்களுதுதான்."

அவர் கட்டிலின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "வெலையாச்சும் உங்க வெலையா, இல்ல அதுக்கும் ஒரு ரூமுக்குள்ள போயிட்டு வரணுமா?"

"என் வெலதான்."

"சரி. உள்ள கீறவருன்னா கொறைக்க மாட்டாரு. கோவிந்தசாமி சொன்னாரு. நீங்கன்னா கொஞ்சம் கொறைப்பீங்க, இல்லியா?"

இதுதான் கஷ்டமாக இருந்தது. நாலு வருஷமாகக் குறையாது குறையாது என்று நூறு தரம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் இன்னொருவர் சொன்னதாக. என் வாயால் எனக்காக ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. துப்பட்டியின் ஓரத்தைச் சுருட்டினேன். மறுபடி பிரித்தேன். உள்ளே போகலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அறை வாசலை மறித்துக்கொண்டு முனியம்மா நின்றாள்.

"கொறையாது" என்றேன்.

"சரி" என்றார் நடேசன்.

அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கடிதம்

வீட்டுக்கு வந்ததும் பினாங்குக்குக் கடிதம் எழுதினேன். "கையெழுத்துப் போட வேண்டாம். வாருங்கள். உங்களுக்குச் சரியென்று பட்டால்" என்று எழுதியிருந்தது. படித்துப் பார்த்துக் கிழித்தேன். இன்னொரு தாளில் முதல் இரண்டு வரியை மட்டும் எழுதி ஜைனபுவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன்.

அரிசி மில்காரரைப் போய்க் கேட்டேன். சும்மா பூட்டித்தானே கிடக்கிறது, பெருக்கி வைத்துக்கொண்டால் சரி என்று சாவியைக் கொடுத்தார். நாலு வருஷமாக நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த விஷயத்துக்கு அவர் வாசலில் நின்று, பல் குத்திக்கொண்டே பதில் சொன்னார்.

ஐந்து பெண்கள் வேலை செய்தோம். அவரவர் பிள்ளைகளும் வந்தன. மில்லின் நெல் காயப்போடும் களத்தில் அத்தனையும் விளையாடின. பஞ்சு மில்லுக்குள்ளே பறந்தது, பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். இதை ஏன் முன்னாலேயே செய்யவில்லை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அதற்கு நன்றி.

மார்கழியில் இரண்டு மாட்டு வண்டியில் மெத்தைகளை ஏற்றினோம். மேலே யாராவது உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்று முனியம்மாவை ஏற்றிவிட்டோம். நம்ம உடம்புக்கு ஆகாது என்று முதலில் மறுத்தாள். மாபலிபுரம் போய்ச் சேர்ந்தபோது குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். எழுப்பி இறக்கப் பெரும்பாடாகிவிட்டது.

மூன்று தலையணையில் கொட்டை இருக்கிறதென்று திரும்பி வந்தன. பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். வேறொன்றும் ஆகிவிடவில்லை.

வந்தவரும் போனவரும்

மாசியில் என் வீட்டுக்காரர் வந்தார். தகரப் பெட்டி ஒன்று, எனக்குக் கட்ட ஒரு பூப்போட்ட கைலி, பிள்ளைகளுக்குப் பிஸ்கட் டப்பா. கப்பலில் பக்கத்தில் படுத்திருந்தவருக்குக் குளிர் என்று போர்வையைக் கொடுத்துவிட்டாராம்.

மைமூன் அவரைத் தூர இருந்தே பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை எடுத்து வந்து அவர் கால் முன்னால் வைத்துவிட்டு ஓடினாள். அவர் காலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. நாலு வருஷ வெயிலில் தோல் சுருங்கி விறைத்துப் போயிருந்தது.

"இது என்னுதா?" என்றார்.

உங்களுதுதான் என்றேன். "யாரு போட்டுகினு இருந்தா?" என்றார். யாரும் போடவில்லை என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை. மறுநாள் வேறு செருப்பு வாங்கி வந்தார். கடைக்காரர் சொன்ன விலைக்கே.

அதன் பிறகு அவர் மில்லில் மூட்டை பிரிப்பது, துணி வெட்டுவது, பஸ்ஸில் சாமான் ஏற்றுவது எல்லாம் பார்த்துக்கொண்டார். விலை பேசும் இடத்துக்கு மட்டும் வர மாட்டார். தட்டியை அவரே அவிழ்த்துச் சுருட்டி, எருமைக்காரம்மா கொட்டகைக்குக் கொடுத்துவிட்டார். அவள் கேட்டாளாம்.

சித்திரை வாக்கில் கோவிந்தசாமி வந்தார். பேரன் பிறந்திருக்கிறான், தொட்டிலுக்கு ஒரு சின்ன மெத்தை வேண்டும். தட்டி இல்லாததால் எங்கே உட்காருவதென்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். எங்கள் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். மோர் கொடுத்தார். பேரனுக்குத்தானே, காசு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். மூட்டை பிரிக்கப் போய்விட்டார்.

அவர் போனதும் கோவிந்தசாமி குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"இது யாரு பாயம்மா?"

"எங்க வூட்டுக்காரரு."

அவருக்குப் புரியவில்லை. வாசலைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். இத்தனை வருஷம் உரக்கப் பேசிய அதே இடத்தைப் பார்த்தார்.

"அப்போ உள்ள இருந்தாரே, அவரு?"

"அவரு இல்ல. இனிமே வர மாட்டாரு" என்றேன்.

கோவிந்தசாமி மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். சொல்வதற்கு மரியாதையான வார்த்தையாகத் தேடினார்.

"கறாரான மனுசன்" என்றார். "வெலை கொறச்சதே இல்ல. ஆனா என் மூணு பொண்ணுங்களும் இன்னைக்கும் அந்த மெத்தைலதான் படுக்குதுங்க. அந்தக் கை யாருக்கும் வராது."

நான் கையை முந்தானையிலிருந்து எடுத்து, தொட்டிலின் நீளம் என்ன என்று கேட்டு, நூலில் முடிச்சுப் போட்டேன்.

பிறகு விலையைச் சொன்னேன். அவர் பழக்கத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தார், நான் உள்ளே போய்விட்டு வருவேன் என்று. நான் போகவில்லை.